கார்ப்பரேட்டரைக் கழற்றும் முன் கண்ணாடியைப் பாருங்கள்

வாசகர் கேள்வி: தாண்டிக்குடியை அடுத்து எங்களுக்குச் சிறிய காபித் தோட்டம் இருக்கிறது. வண்டி 1993ஆம் ஆண்டு மாருதி ஜிப்சி, 970 சிசி, கார்ப்பரேட்டர் உள்ளது. அப்பா படுக்கையில் இருந்த எட்டு மாதமும் வண்டி கொட்டகையிலேயே நின்றது. இப்போது காலையில் சோக் இழுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிங் சீராக நிற்கிறது, தோட்டத்துக்குள் ஓட்டினால் குறை தெரிவதில்லை. வத்தலக்குண்டு போய்த் திரும்பும்போது மட்டும், சித்தரேவு தாண்டி ஏற்றம் தொடங்கிய பதினைந்து இருபது நிமிடத்தில் இழுவை குறைந்து, குலுங்கிக் குலுங்கி நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் விட்டால் கரும்புகையோடு கிளம்பி, சில கிலோமீட்டரில் மறுபடியும் நிற்கிறது. பிளக், காயில் புதிதாகப் போட்டாயிற்று. கார்ப்பரேட்டரை இரண்டு பட்டறைகளில் சர்வீஸ் செய்தாயிற்று. ஒருவர் வேறு கார்ப்பரேட்டர் மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் எலக்ட்ரிக் பம்ப் வைக்கச் சொல்கிறார், மூன்றாமவர் எல்லாம் எத்தனால் பெட்ரோலின் வேலை என்கிறார். எதைச் செய்வது?

அன்புள்ள நண்பருக்கு,

கோளாறைக் கண்டுபிடிக்கத் தேவையான செய்திகளில் பெரும்பகுதியை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஐடிலிங் நன்றாக இருக்கிறது, சிறு ஓட்டம் நன்றாக இருக்கிறது, தொடர்ந்த ஏற்றத்தில் ஒரு கால அளவுக்குப் பிறகு நிற்கிறது, ஓய்வு கொடுத்தால் தானே சரியாகிறது என்ற இந்த வரிசையை வைத்துப் பார்த்தால், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்ப்பரேட்டர் மீது எனக்கு முதல் சந்தேகம் எழவில்லை. அதற்குள் பெட்ரோலை அளந்து விடும் துளையான மெயின் ஜெட் அடைத்திருந்தால் முதல் ஏற்றத்தின் முதல் நிமிடத்திலேயே இழுவை போயிருக்கும்; அது பதினைந்து நிமிடம் காத்திருக்காது, பத்து நிமிட ஓய்வில் குணமாகவும் செய்யாது. நேரம் பார்த்து வருகிற கோளாறு என்றால், எங்கோ ஒன்று மெல்ல மெல்ல அடைபடுகிறது, அல்லது எங்கோ ஒன்று மெல்ல மெல்லச் சூடாகிறது என்று பொருள்.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பாருங்கள். ஐடிலிங்கில் இந்த எஞ்சின் மணிக்கு ஏறத்தாழ அரை லிட்டர் பெட்ரோல் குடிக்கும். இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் மலை ஏறும்போது லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர், மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு மூன்று லிட்டருக்குச் சற்று மேல், அதாவது நிமிடத்துக்கு ஐம்பது மில்லி வேண்டும். பாதி அடைபட்ட குழாய் ஐடிலிங்குக்கும் தோட்டத்துச் சிறு ஓட்டத்துக்கும் தாராளமாகப் போதும், ஏற்றத்துக்குப் போதாது. கார்ப்பரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் சிறு தொட்டியான மிதவை அறையில் இருப்பது ஏற்றத்தில் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் தாங்காது. ஆகவே உங்கள் பதினைந்து நிமிடம் கார்ப்பரேட்டருக்குள் நடக்கிற கதை அல்ல. அது டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள வழியில் நடப்பது என்றே நினைக்கிறேன். நினைப்பதோடு நிறுத்தாமல் அதை உறுதி செய்துகொள்ளும் வசதியும் உங்கள் வண்டியிலேயே இருக்கிறது.

ஜிப்சியின் கார்ப்பரேட்டரில், மிதவை அறையின் பக்கவாட்டில் ஒரு சிறிய வட்டக் கண்ணாடி உண்டு. அதன் நடுவில் ஒரு புள்ளி அடையாளம் இருக்கும். பெட்ரோல் மட்டம் அந்தப் புள்ளியளவில் நிற்க வேண்டும். முப்பது வருட எண்ணெய்ப் பிசுக்கில் கண்ணாடி மறைந்துபோயிருப்பதால், அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. பழந்துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்து வையுங்கள். அடுத்த முறை ஏற்றத்தில் வண்டி நின்றதும், சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்க்காமல், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, அந்த நிமிடமே பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். மட்டம் புள்ளியில் இருந்தால் பெட்ரோல் வந்து சேர்கிறது. தேட வேண்டிய இடம் இக்னிஷன் அல்லது ஜெட்டுகள். கண்ணாடி காலியாகவோ அடிவிளிம்பில் மட்டும் ஈரமாகவோ இருந்தால் கார்ப்பரேட்டர் நிரபராதி, பெட்ரோல் வரவில்லை. ஏற்றத்தில் வண்டி சாய்ந்திருப்பதால் மட்டம் ஓரளவு மேலோ கீழோ தெரியலாம். காலி அறைக்கும் சாய்ந்த மட்டத்துக்கும் வேறுபாடு பார்த்தவுடன் புரியும். இந்த ஒரு பார்வைக்குச் செலவு எதுவும் இல்லை. இரண்டு பட்டறைகளிலும் இதைச் செய்யாமல் கார்ப்பரேட்டரைக் கழற்றியது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் பித்தளைத் திருகுகளின் தலை தேய்கிறது, மேல்மூடி இறுக்கத்தில் வளைகிறது, பேக்கிங் கிழிகிறது. அடிக்கடி சர்வீஸ் செய்தே வீணாகிப்போன கார்ப்பரேட்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதே நேரத்தில் இன்னொன்றும் செய்யுங்கள். பெட்ரோல் டேங்க் மூடியை மெல்லத் திறந்து காதைக் கொடுங்கள். காற்று உள்ளே இழுக்கப்படும் ஓசை கேட்டு, மூடியைத் திறந்த பிறகு வண்டி உடனே கிளம்பினால், மூடியிலோ டேங்கின் காற்றுக் குழாயிலோ அடைப்பு இருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று போகாததால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுக்க முடியாமல் திணறுகிறது. எட்டு மாதம் கொட்டகையில் நின்ற வண்டியில் குளவி மண்கூடு கட்டி அந்த வழியை அடைப்பது மலைப்பகுதியில் புதிதல்ல. ஆனால் வெயிலில் சூடான டேங்க் மூடியைத் திறந்தாலும் ‘உஸ்’ என்று ஓசை வரும். அது ஆவி வெளியே தள்ளுவது. உள்ளே இழுப்பதா வெளியே தள்ளுவதா என்று கையை அருகில் வைத்துக் கவனித்தால் தெரிந்துவிடும்.

கண்ணாடி காலி, மூடியிலும் குறை இல்லை என்றால் வழியைப் பின்னாலிருந்து முன்னால் தொடர வேண்டும். டேங்க், அதனுள் உறிஞ்சு குழாய், வண்டியின் அடியில் ஓடும் இரும்புக் குழாய், இடையிடையே ரப்பர் ஹோஸ்கள், ஃபில்டர், பட்டறைகளில் ஏ.சி. பம்ப் என்று சொல்கிற இயந்திர பம்ப் என்பதே அந்த வழி. எல்லாவற்றுக்கும் முன் ஃபில்டரைக் கழற்றி, பெட்ரோல் வரும் பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியில் கவிழ்த்துத் தட்டுங்கள். மிளகுத்தூள் போலப் பழுப்பாகக் கொட்டி, அது காந்தத்தில் ஒட்டினால் டேங்க் துரு. கருப்பாக, விரலில் தேய்த்தால் மை போல் ஒட்டினால் ஹோஸின் உள்சுவர் கரைகிறது. தேன் நிறத்தில் பிசுபிசுத்தால் பழைய பெட்ரோல் கெட்டு அரக்காகப் படிந்திருக்கிறது. மூன்றும் கலந்து வருவதும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் மலையிலிருந்தே ஒரு தோட்ட ஜீப் என்னிடம் வந்தது. உங்கள் கடிதத்தில் உள்ளதைப் போலவே ஏறும், நிற்கும், பத்து நிமிடத்தில் கிளம்பும். இரண்டு கார்ப்பரேட்டர்கள் மாற்றியிருந்தார்கள். ஃபில்டர் புதிது, பம்ப் புதிது. டேங்கிலிருந்து வரும் ஹோஸை பம்ப் பக்கம் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, சைக்கிள் பம்பால் பின்னோக்கி மெல்லக் காற்றடித்தேன். ‘பொளக்’ என்று ஒரு சத்தம். அதன்பின் இருபது நிமிடம் வண்டி புதிது போல ஏறியது; பிறகு மறுபடியும் நின்றது. டேங்கை இறக்கிப் பார்த்தபோது, பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்கு வரும் பெரிய ரப்பர் குழாயின் உள்தோல் உரிந்து, புளியங்கொட்டை அகலத்தில் ஒரு சவ்வுத் துண்டு உள்ளே மிதந்துகொண்டிருந்தது. எஞ்சின் இழுக்க இழுக்க அது நகர்ந்து வந்து உறிஞ்சு குழாயின் வாயில் ஒட்டும். எஞ்சின் நின்றதும் பிடி தளர்ந்து விலகும். பத்து நிமிட ஓய்வில் வண்டி குணமானதன் காரணம் அவ்வளவுதான். துருத்தூளும் இதே நாடகத்தைத்தான் நடத்தும். ஆகவே காற்றடிக்கும் சோதனையை உங்கள் மெக்கானிக்கைச் செய்யச் சொல்லுங்கள். அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும், மூடி திறந்திருக்க வேண்டும், எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். கம்ப்ரசர் காற்றை முழு வேகத்தில் விட்டால் டேங்கின் பழைய தையல் திறந்துகொள்ளும்.

டேங்கில் துரு என்று உறுதியானால் அரைகுறையாகக் கழுவிப் பயனில்லை. இறக்கியே சுத்தம் செய்ய வேண்டும். கெட்ட பெட்ரோலை வடித்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் அலசி, சிறு ஜல்லியோ பழைய சங்கிலித் துண்டோ போட்டுக் குலுக்கித் தளர்ந்த துருவை உதிர்த்து, சிட்ரிக் அமிலம் கரைத்த வெந்நீரை ஓர் இரவு வைத்திருந்து, பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, உடனே முழுவதும் உலர்த்தி, உள்சுவரெங்கும் மெல்லிய எண்ணெய் படும்படி உருட்டிவிட வேண்டும். சங்கிலித் துண்டு போட்டால் அதை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். டேங்கில் ஓட்டை தெரிந்தால், காலியாகத்தானே இருக்கிறது என்று வெல்டிங் வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிப்பது. இப்படி உயிர் போன செய்திகள் நாம் அறியாதவை அல்ல.

ரப்பர் ஹோஸ்களை, பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும், மொத்தமாக மாற்றிவிடுங்கள். டேங்குக்கும் பம்புக்கும் இடைப்பட்ட பகுதி உறிஞ்சும் பகுதி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கே ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். வண்டிக்கு அடியில் ஈரம் இல்லை, அதனால் ஒழுக்கு இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். பம்பிலிருந்து கார்ப்பரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி ஒரு கண்ணாடிப் புட்டியில் விட்டு, தீப்பொறி வராதபடி காயிலின் இணைப்பை எடுத்துவிட்டு, ஸ்டார்ட்டரைச் சில நொடிகள் சுழற்றுங்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் பலமான பீய்ச்சல் வர வேண்டும். குமிழி கலந்து நுரைத்து வந்தால் உறிஞ்சும் பக்கத்தில் காற்று புகுகிறது. பீய்ச்சலே பலவீனமாக இருந்தால், பம்பை மாற்றுவதற்கு முன் ஒரு புது ஹோஸைச் சிறிய கேன் பெட்ரோலில் இருந்து நேரே பம்புக்குக் கொடுத்து அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அப்போது பலமாக வந்தால் பம்ப் நன்றாகவே இருக்கிறது. பம்பினுள் துடிக்கும் சவ்வான உதரவிதானம் (டயாஃப்ரம்) கிழிந்திருந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவுக் கம்பியை எடுத்து மோந்து பார்த்தால் வாசனையே சொல்லிவிடும். அப்படி இருந்தால் பம்போடு ஆயிலையும் மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

ஜிப்சியின் பம்பில் மூன்று முனைகள் உண்டு: ஒன்று வரவு, ஒன்று கார்ப்பரேட்டருக்கு, மூன்றாவது மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் வழி. இந்தத் திரும்பு குழாய் விரிசல் விட்டபோது அதை மாற்றாமல், ஹோஸின் வாயில் ஒரு திருகையோ போல்ட்டையோ சொருகி கிளிப் போட்டு அடைத்து வைத்திருக்கிற வண்டிகள் ஏராளம். சமவெளியில் அதனால் ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் வேகம் குறைந்து, எஞ்சின் அறை கொதிக்கும்போது, குழாயில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழாக நிற்கும்; அந்தக் குமிழ் திரும்பிப் போக வழியில்லாததால் பம்ப் ஆவியையே அடித்துக்கொண்டிருக்கும். உங்கள் வண்டியில் மூன்று முனைகளிலும் குழாய் இருக்கிறதா, அவை புகைக்குழாயை ஒட்டிப் போகாமல் விலகி இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆவி அடைப்பா என்று தெரிந்துகொள்ள எளிய வழி, விடியற்காலைக் குளிரில் ஒரு முறையும் நடுப்பகலில் ஒரு முறையும் அதே ஏற்றத்தை ஏறிப் பார்ப்பது. காலையில் நிற்காமல் ஏறி, வெயிலில் மட்டும் நின்றால் அது ஆவி. இரு வேளையும் ஒரே மாதிரி நின்றால் அது அடைப்பு. நின்ற இடத்தில் பம்பின் மீது ஈரத்துணி போட்டதும் விரைவில் கிளம்புகிறதா என்பதும் ஒரு சாட்சி.

இப்போது எத்தனால். அந்த மூன்றாமவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. நாட்டில் 2022இல் 10 சதவீதக் கலப்பு எட்டப்பட்டு, 2023 முதல் 20 சதவீதக் கலப்புப் பெட்ரோல் படிப்படியாக விற்பனைக்கு வந்தது. உங்கள் 1993 வண்டியின் ரப்பர்கள் அதை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் பழைய ரப்பரை ஊதவைத்து மென்மையாக்கும். டேங்கில் படிந்து கிடந்த அரக்கைக் கரைத்துக் கிளப்பும். காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். அரை டேங்க் பெட்ரோலோடு மழைக்காலம் முழுவதும் பனிமூட்டத்தில் நின்ற வண்டிக்கு இது நடந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. டேங்கின் அடியிலிருந்து ஒரு புட்டி வடித்து ஓர் இரவு அசையாமல் வையுங்கள்; அடியில் தனி அடுக்கு தெரிந்தால் முழுவதையும் வடித்து அப்புறப்படுத்துங்கள். புதுப் பெட்ரோல் ஊற்றி அதைச் சரிக்கட்ட முடியாது. ஹோஸ் வாங்கும்போது, எத்தனால் தாங்கும் உள்பூச்சு உள்ளதாக, மேலே எஸ்.ஏ.ஈ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டதாகக் கேட்டு வாங்குங்கள்.

கலவை விகிதத்திலும் ஒரு விளைவு உண்டு. எடையளவில் பார்த்தால், கலப்பில்லாத பெட்ரோல் ஒரு பங்குக்கு முழுமையாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும்; 20 சதவீத எத்தனால் கலந்ததற்கு ஏறத்தாழ 13.5 போதும். ஜெட்டின் துளை மாறாததால் கலவை ஏழெட்டு சதவீதம் வறண்டுபோகும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் குறையும். அதே வேளையில், 1,400 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட 13 சதவீதம் குறைவு. அதனால் கார்ப்பரேட்டர் வண்டியில் கலவை ஏழு சதவீதம் அளவுக்குத் தடித்துப்போகும், அதாவது பெட்ரோல் மிகும். உங்கள் தோட்டத்து உயரத்தில் இந்த இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. வறட்சி தெரிய வேண்டுமானால் அது கீழே வத்தலக்குண்டுச் சாலையில்தான் தெரியும். மேலே ஏற ஏறக் குறையும். உங்கள் வண்டியோ கீழே நன்றாக ஓடி ஏற்றத்தில் நிற்கிறது. ஆகவே இப்போதைய கோளாறுக்கு விகிதம் காரணமல்ல. ரப்பரையும் டேங்கையும் கெடுத்த வகையில் எத்தனால் காரணமாக இருக்கலாம். வழியெல்லாம் சரியான பிறகு, சமவெளியில் நீண்ட தூரம் ஓட்டி பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் ஒரு படி பெரிய மெயின் ஜெட்டைப் பற்றி யோசிக்கலாம், அதற்கு முன் வேண்டாம்.

கரும்புகைக்கும் தனி நோய் தேட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். நின்ற வண்டியைக் கிளப்ப நீங்கள் சோக்கை இழுத்து ஆக்சிலரேட்டரைப் பலமுறை மிதித்திருப்பீர்கள். அந்த மிகுதிப் பெட்ரோல்தான் புகைகிறது. சோக் தொடாமலே ஐடிலிங்கில் புகைத்தால்தான் மிதவை அறைக்குப் பெட்ரோல் வரும் வழியைத் திறந்து மூடும் நீடில் வால்வைப் பார்க்க வேண்டும். அதன் கூம்பு முனையை நகத்தால் வருடினால் தேய்மானம் வளையமாகத் தட்டுப்படும்.

எலக்ட்ரிக் பம்ப் வேண்டாம். அடைபட்ட குழாயின் மீது எந்தப் பம்பை வைத்தாலும் அது அடைபட்ட குழாயைத்தான் உறிஞ்சும். இயந்திர பம்ப் தருவது சதுர அங்குலத்துக்கு 3 முதல் 5 பவுண்டு (பி.எஸ்.ஐ.) அழுத்தம்; கார்ப்பரேட்டர் இல்லாத இன்ஜெக்ஷன் வண்டியின் பம்ப் அதைப் போலப் பத்து மடங்கு தரும். அதைக் கொண்டுவந்து பொருத்தினால் நீடில் வால்வு தாங்காமல், கார்ப்பரேட்டரின் வாய் வழியே பெட்ரோல் சூடான எஞ்சின் மீது வழியும். எஞ்சின் நின்றாலும் பம்ப் நிற்காது என்பது விபத்தில் உயிருக்கே ஆபத்து. வேறு வண்டியின் கார்ப்பரேட்டரும் வேண்டாம். ஜிப்சிக்கென அளவிட்ட ஜெட்டுகளும், சாய்வில் ஓடும் வண்டிக்கென அமைந்த மிதவையும் உங்களிடம் இருப்பதில்தான் இருக்கின்றன. முதலிலிருந்த பாகங்கள் பட்டறைகளில் மாறியிருந்தால் கேட்டு வாங்கி வையுங்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நின்ற வண்டியில் ஏர் கிளீனரைக் கழற்றி, கார்ப்பரேட்டர் வாயில் புட்டியிலிருந்து பெட்ரோல் ஊற்றிக்கொண்டே ஸ்டார்ட் செய்யும் பழக்கம் நம் மலைச்சாலைகளில் சாதாரணமாகிவிட்டது. எஞ்சின் ஒரு முறை பின்னோக்கி வெடித்தால் சுவாலை நேரே அந்தக் கைக்கு வரும். யார் சொன்னாலும் செய்யாதீர்கள். வாயால் பெட்ரோல் உறிஞ்சுவதும் வேண்டாம். மேலே சொன்ன சோதனைகளின்போது தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

முதலில் கண்ணாடியையும் மூடியையும் மட்டும் பாருங்கள். நின்ற நிமிடத்தில் மட்டம் எங்கே இருந்தது, மூடியில் என்ன ஓசை கேட்டது, ஃபில்டரிலிருந்து வெள்ளைத் துணியில் என்ன நிறம் கொட்டியது என்ற மூன்றையும் எழுதி அனுப்பினால், டேங்கை இறக்க வேண்டுமா இல்லையா என்பதைத் திட்டவட்டமாகச் சொல்கிறேன். அதுவரை கார்ப்பரேட்டரின் மீது யாரும் ஸ்க்ரூ டிரைவர் வைக்க விடாதீர்கள்.